லீவுக்கு வந்த கண் முகாம்

கண் ஆஸ்பத்திரி டிரஸ்டுக் கூட்டத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

தலைவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்சன் வாங்குகிறவர். எங்கள் பாண்டிச்சேரியில் சொல்தா என்போம், நேரில் முசியே. வீடும் அவருடையது, கூட்டம் நடந்த ஹாலும் அவருடையது.

அவர் மனைவி. மதாம் என்று கூப்பிட வேண்டும். அக்கா என்றால் திரும்ப மாட்டார்.

பொருளாளர். தட்டாஞ்சாவடியில் பாட்டிலுக்கு பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி வைத்திருக்கிறார். முகாமுக்கு விடும் பஸ் அவர் செலவு. அதை எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விட்டதில்லை.

டாக்டர். கண் ஆபரேசன் செய்பவர். கூட்டம் முடியும்வரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலைப் பெண். கல்வராயன் மலைக்காரி. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வந்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கண் பரிசோதனை படித்தவள். மலையில் எங்கள் டிரஸ்டுக்கு ஒரு கண் மையம் உண்டு. மையம் என்றால் ஒரு அறை. அதை நடத்துகிறவள் அவள்தான்.

கடைசியாக நான். டீ ஊற்ற.

எனக்கு ஊர் குருசுக்குப்பம். ஐந்தாவது வரை படித்தேன். வேலை, உழவர்கரையில் இருக்கும் டிரஸ்ட் ஆஸ்பத்திரியில். ஆபரேசனுக்கு முன்னால் முகம் கழுவிவிடுவேன். சொட்டு மருந்து விடுவேன். கண்ணைக் கட்டிக்கொண்டு கிடப்பவர்களைக் கக்கூசுக்குக் கூட்டிப் போவேன். கஞ்சி வைப்பேன். இந்தக் கதை ஆண்டறிக்கையில் வழவழப்புத் தாளில் வேறு மாதிரி அச்சாகி வந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இல்லையென்றால் எனக்கு எழுத்தோடு என்ன வேலை.

தலைவர் சொன்னது இதுதான். மலை மையத்துக்குச் செலவாகிறது. போன வருட முகாமில் ஐம்பது சீட் பஸ் விட்டோம், பன்னிரண்டு பேர்தான் ஏறினார்கள். முக்கால் பஸ் காலி. அதைப் பிரான்சிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். பணம் அனுப்புவது அங்கே அவர் மகள் நடத்தும் சங்கம். அவர்களுக்கு மலையில் அக்கறை குறைந்துவிட்டது. இந்த முறை பஸ் நிறைய வேண்டும். நிறையவில்லை என்றால் மையத்தை மூடிவிடுவோம். கண் பார்க்கும் மெஷினையும் லென்சுப் பெட்டியையும் கீழே கொண்டு வந்துவிடலாம். பெண்ணுக்கு உழவர்கரையிலேயே வேலை உண்டு, சம்பளம் போகாது.

சம்பளம் அவளுக்குப் பெரிதல்ல. மையம் மூடினால் மலையில் கண்ணைப் பார்க்க ஆள் இல்லை. கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். ஒரு நாள் கூலி போகும். அதற்காகப் போக மாட்டார்கள். கண் வெளுத்து, முற்றி, ஒரு நாள் ஒன்றும் தெரியாமல் போகும். அவளுடைய அப்பாவுக்கு அப்படித்தான் போனது. கதவு திறந்திருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அவள் எழுந்து நின்று பேசினாள். முகாமை மாற்றி வையுங்கள் என்றாள்.

"ஆடியில சாமைக்குக் களை எடுக்கணும் முசியே. மழையும் இருக்கும். ஆபரேசன் பண்ணா ஒரு மாசம் குனியக் கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு நம்மதான் சொல்றோம். குனியாம களை எடுக்க முடியுமா. மாசியில வைங்க. அறுப்பு முடிஞ்சு கை சும்மா இருக்கும். நானே கூட்டிட்டு வரேன்."

தலைவர் காதில் ஆடி என்ற ஒரு சொல்தான் விழுந்தது. "வாலா, பாத்தீங்களா," என்றார். "இந்த மூடநம்பிக்கைதான் நம்ம சனத்தக் கெடுத்துது. கண்ணுக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா."

பொருளாளர் சிரித்தார். போன வருடம் கம்பெனிக்கு வாங்கிய புது மெஷினை, ஆவணி பிறக்கட்டும் என்று சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தவர் அவர். அவரும் சிரித்தார்.

மதாம் மட்டும் சிரிக்கவில்லை. "மாசியில பசங்களுக்கு ஸ்கூல் இருக்குமே," என்றார்.

அன்றைக்கு அந்த ஹாலில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். தலைவரின் மகளும் மருமகனும் பேரப் பிள்ளைகளும் அவர்கள் சிநேகிதர்களும் சூலையில் வருவார்கள். அப்போதுதான் அங்கே பள்ளிக்கூடம் லீவு. சூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய தினத்துக்குக் கடற்கரையில் கொடி ஏறும். தலைவர் கோட்டு முழுக்க மெடல் குத்திக்கொண்டு நிற்பார். அது முடிந்தால் ஊர் சுற்றுவார்கள். மகாபலிபுரம் ஒரு நாள். செஞ்சிக் கோட்டை ஒரு நாள். கண் முகாம் ஒரு நாள்.

மலைப் பெண் விடவில்லை. இன்னொன்றும் கேட்டாள். மையத்துக்கு வருகிறவர்களிடம் ஆளுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். மருந்து, கரண்டு, கண்ணாடி பிரேம் என்று அதிலேயே கொஞ்சம் ஓட்டிவிடலாம். யார் பணம் நின்றாலும் மையம் நிற்காது.

தலைவர் முகம் சுருங்கிவிட்டது. ஏழைகளிடம் காசா என்றார். போர்டில் இலவசம் என்று எழுதியிருக்கிறதே என்றார். அவர் அம்மா நினைவாக வைத்த மையம். அம்மா பெயர் போட்ட இடத்தில் காசு வாங்கினால் அம்மா மனசு என்ன பாடுபடும்.

"சும்மா குடுத்தா கதவு பூட்டியிருந்தாலும் பேசாம திரும்பிப் போயிடுவாங்க," என்றாள் அவள். "காசு குடுத்தவங்கதான் ஏன் பூட்டினேன்னு கேப்பாங்க."

 டாக்டர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். "பஸ் நிறையணும். அவ்வளவுதானே?" என்றார். அவருக்கு வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவ்வளவுதான் என்றார் தலைவர். கூட்டம் முடிந்தது. என் டீயை யாரும் பாதிக்கு மேல் குடிக்கவில்லை.

கிளாஸ் கழுவும்போது நினைத்துக்கொண்டேன். என் மாமியாருக்குக் கண் ஆபரேசன் ஆனது மீன்பிடித் தடைக்காலத்தில். படகு கரையில் கிடக்கும், விற்க மீன் இருக்காது, படுத்துக் கிடக்கலாம். படகு இறங்கிய வாரத்தில் வா என்று கூப்பிட்டிருந்தால் கூடையைத் தூக்கி மூஞ்சியில் அடித்திருப்பாள். அதை யாரும் மூடநம்பிக்கை என்று சொன்னதில்லை. சொல்ல கிட்டே வர வேண்டும். எங்களிடம் மீன் வாடை.

ஆள் சேர்க்க மலைப் பெண்ணோடு என்னையும் மலைக்கு அனுப்பினார்கள். விழுப்புரத்தில் ஒரு பஸ் மாறி, கள்ளக்குறிச்சியில் ஒரு பஸ் மாறிப் போனோம். மலைப் பாதை முழுக்க எனக்கு வாந்தி. அவள் ஜன்னல் ஓரம் விட்டுக் கொடுத்தாள், ஒன்றும் பேசவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அதனால்தான்.

மையத்தின் கதவைவிட போர்டு பெரியது. தமிழிலும் எழுதியிருந்தது, பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. மலையில் பிரெஞ்சு படிக்கிறவர் இல்லை. வருடத்தில் ஒரு நாள் பிரான்சிலிருந்து வருகிறார்களே, அவர்களுக்காக. உள்ளே தகரக் கூரை ஒழுகியது. கூரைக்குப் பணம் கேட்டு அவள் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். போர்டுக்குத்தான் புது பெயிண்ட் வந்தது.

வீடு வீடாகப் போனோம். வீட்டில் ஆள் இல்லை. எல்லாரும் காட்டில் களையில் இருந்தார்கள். காட்டுக்கே போனோம். சாரல் விழுந்துகொண்டே இருந்தது. தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருத்தி சொன்னாள், "ஏய், கண்ணாடிப் பொண்ணு வந்துட்டா. பாண்டிச்சேரிக்காரங்களுக்கு ஆடி வந்தாத்தான் நம்ம கண்ணு நெனப்பு வருது." வரிசை முழுக்கச் சிரித்தது. கை நிற்கவில்லை.

ஓரத்தில் ஒரு வயதான பெண் தடவித் தடவிக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் வெள்ளை. களையோடு சாமையும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் இருந்த மருமகள் அதைப் பிடுங்கிக் காட்டித் திட்டினாள். கிழவியும் திருப்பித் திட்டினாள். கண் தெரியாதவளைக் களைக்குக் கூப்பிட்டு வந்தது யார் என்று கேட்டாள்.

அந்தப் பெண் கிழவி பக்கத்தில் குந்தினாள். "முத்திப் போச்சு ஆயா. இன்னும் வச்சிருந்தா கஷ்டம். இந்தப் பஸ்ல வந்துடு."

"மாசியில வரேன். கண்ணு ஓடியா போயிடும்?"

"மாசியில மையம் இருக்காது போலருக்கு ஆயா. பஸ் நெறயலன்னா மூடிடுவாங்களாம்."

கிழவி களையை விட்டுத் தலையைத் தூக்கினாள். எங்கள் இருவருக்கும் நடுவில் எதையோ பார்த்தாள். "நெறயறதுன்னா, ஆள் ஏறினாப் போதுமா?" என்றாள்.

அந்தப் பெண் கிழவியின் முகத்தையே பார்த்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த காட்டில் ஒருவரைக் காட்டினார்கள். போன வருடம் பஸ்ஸில் வந்த பன்னிரண்டு பேரில் ஒருவர். எனக்கு முகம் ஞாபகம் இருந்தது, நான் கழுவிய முகம். ஆபரேசன் நன்றாகத்தான் ஆனது. இங்கே வந்து கொஞ்ச நாள் படுத்திருந்தார். படுத்திருந்தால் களை படுக்குமா. மழையில் காட்டுக்குப் போனார். சேறு தெறித்தது. கண் சீழ் பிடித்துப் போய்விட்டது. டிரஸ்ட் அறிக்கையில் அவரும் பார்வை பெற்றவர்தான். படம்கூட இருக்கிறது, கட்டுப் பிரித்த அன்று சிரிக்கிற படம்.

எங்களைப் பார்த்ததும் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். வேறு யாரும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் மலை முழுக்க அந்தக் கண் நடந்துகொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு நாங்கள் ஐம்பது பேரைச் சேர்க்க வேண்டும்.

ஞாயிறு முகாம். சனிக்கிழமை மதியம் வரை வருகிறேன் என்றவர்கள் மூன்று பேர். களைக்குப் போகாதவர்கள். ஒருவர் கடை வைத்திருப்பவர். ஒருவருக்கு நிலம் இல்லை. இன்னொருவருக்கு மகனோடு சண்டை, வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

அவள் மையத்தில் உட்கார்ந்து லென்சுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கீழே கொண்டு போகக் கட்டி வைக்கிறாள் என்று நினைத்தேன். கடைசி லென்சைத் துடைத்து வைத்துவிட்டுக் கேட்டாள். "அக்கா, நாளைக்கு பஸ் எப்ப எறங்கும்?"

"பத்து மணிக்கு கெளம்பணும்னாங்க."

"நாளைக்கு அடிவாரத்துல சந்தை."

அவ்வளவுதான் சொன்னாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அடிவாரச் சந்தைக்கு மலையிலிருந்து ஒரே ஒரு அரசு பஸ்தான். அதில் மூட்டை ஏற்ற கண்டக்டர் தனியாகக் காசு கேட்பார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தே இறங்குகிறவர்களும் உண்டு. அவள் இருட்டுவதற்குள் திரும்பி வந்தாள். யாரைப் பார்த்தாள், என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. காலையில் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏசி வேன் இரண்டு வந்தன. தலைவர் வெள்ளைத் தொப்பியோடு இறங்கினார். மகள், மருமகன், பிள்ளைகள், சிநேகிதர்கள். எல்லார் கழுத்திலும் கேமரா. பேனர் கட்டினார்கள். மழையில் பேனர் நனைந்து தலைவர் முகம் பாதி மடங்கித் தொங்கியது. பொருளாளர் ஒரு குச்சியால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மூடிக் கம்பெனி முதலாளிக்கு அன்றைக்கு அதுதான் வேலை.

பேரப் பிள்ளைகள் ஒரு பை கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் வீடு வீடாகச் சேர்த்த பழைய கண்ணாடிகள். யாரோ போட்டுக் கழற்றியவை. அதை எடுத்து எடுத்து மலைக்காரர்களுக்கு மாட்டிவிட்டார்கள். பவர் பார்க்கவில்லை. முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தார்கள். அந்தப் பெண் ஓரமாக நின்றாள். அங்கே இருந்த முகம் ஒவ்வொன்றுக்கும் என்ன பவர் என்று பார்த்து வைத்தவள். ஒரு தடவை முன்னால் போய் ஏதோ சொன்னாள். மதாம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள், கெடுக்காதே என்றார்.

ஒரு ஆளுக்கு ரோஸ் கலர் பிரேம் கிடைத்தது. போட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்தார். "மரமெல்லாம் கிட்ட வருது," என்றார்.

"வரட்டும்," என்றாள் அவர் பெண்டாட்டி. "வெறகு சொமக்கிற வேலை மிச்சம்."

பஸ் வந்து நின்றது. கதவைத் திறந்ததும் ஏறினார்கள். நான் கண்ணால் பார்த்தேன். மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு ஏறினார்கள். பலாப்பழத்தோடு ஏறினார்கள். கால் கட்டிய கோழியோடு ஏறினார்கள். வயதுப் பெண்கள் பூ வைத்துக்கொண்டு ஏறினார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லாத வாலிபன் ஒருவன் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்தான். சீட் ஐம்பதும் நிறைந்து ஆள் நின்றது.

பொருளாளர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு பஸ்ஸுக்குள் தலையை விட்டு எண்ணினார். இறங்கி வந்து தலைவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தலைவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். எல்லார் முன்னாலும் சொன்னார். "ஆடி ஆடின்னியே. இப்ப என்னாச்சு?"

"நெறஞ்சிடுச்சு முசியே," என்றாள்.

பிரான்சுக்காரர்கள் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். பஸ்ஸுக்கு முன்னால், பஸ்ஸுக்கு உள்ளே, ஜன்னலில் கை ஆட்டுகிற மாதிரி. கை ஆட்டச் சொன்னதும் எல்லாரும் ஆட்டினார்கள், இலவசமாகப் போகிறோம், ஆட்டினால் என்ன. கோழி எதற்கு என்று மருமகன் கேட்டார். பொருளாளருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. டாக்டருக்கு நன்றிக் காணிக்கை என்றார். அதைத் தலைவர் பிரெஞ்சில் சொன்னார். மகள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, இன்னும் இரண்டு வருடத்துக்குச் சங்கம் இந்த மையத்துக்குப் பணம் தரும் என்றாள். அதையும் தலைவர் தமிழில் சொன்னார். மலைப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார், தானே கொடுப்பது போல.

அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. வேன் இரண்டும் முன்னால் போய்விட்டன.

எங்கள் பஸ் பின்னால் இறங்கியது. அடிவாரத்தில் சந்தை தெரிந்ததும் பின்னாலிருந்து பஸ்ஸைத் தட்டினார்கள். டிரைவர் நிறுத்தினார். கிழங்கு இறங்கியது. பலா இறங்கியது. கோழி இறங்கியது. பூ வைத்த பெண்கள் இறங்கினார்கள். ஒரு பெரியவர் இறங்குவதற்கு முன்னால் என்னிடம் கும்பிட்டார். "பாண்டிச்சேரிக்காரங்க நல்லவங்கம்மா. வாரா வாரம் விடுவாங்களா?" என்றார்.

டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "என்னாக்கா இது. அதுக்குள்ள ஆபரேசன் முடிஞ்சிடுச்சா?"

மூன்று பேர் மிச்சம். ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பெண் முன் சீட்டில் இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெரிந்துதான் செய்தாயா என்று கேட்டேன்.

"பஸ்ஸ நெரப்பச் சொன்னாங்க," என்றாள். "நெரப்பினேன்." கொஞ்ச தூரம் போனபிறகு திரும்பினாள். "ஆபரேசனுக்கு எத்தன பேர்னு யாராவது கேட்டாங்களாக்கா? நீயும் அங்கதான் டீ ஊத்திக்கிட்டு இருந்த."

யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. சீட்டைத்தான் கேட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஐம்பது பேருக்குக் கஞ்சி வைத்திருந்தார்கள். உழவர்கரை நாய்கள் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டன. டாக்டர் வார்டுக்கு வந்தார். "மூணா?" என்றார். வேலை சீக்கிரம் முடியும் என்று அவர் முகத்தில் தெரிந்தது. மறுநாள் மூன்றையும் முடித்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் வந்தார். மாடிப்படி ஏறினால் இடது பக்கம் வார்டு. வலது பக்கம் ஆபீஸ் அறை, ஏசி. படியில் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். "பஸ் நெறஞ்சிதுல்ல?" என்று கேட்டார்.

"நெறஞ்சிதான் கெளம்புச்சு முசியே," என்றேன்.

தலையை ஆட்டினார். வலது பக்கம் போனார். இடது பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்திருந்தால் காலிக் கட்டில்களைப் பார்த்திருக்கலாம். ஊரெல்லாம் பார்வை கொடுக்கிறவர், அந்த அறைக்குள் பார்க்க அவருக்கு நேரம் இல்லை.

ஆண்டறிக்கை கார்த்திகையில் வந்தது. அட்டையில் அந்தப் பஸ். கை ஆட்டுகிறார்கள். கோழிகூடத் தெளிவாக விழுந்திருந்தது. உள்ளே போட்டிருந்த எழுத்தை நான் முழுக்கப் படித்தேன். மூன்று என்ற எண் எங்கும் இல்லை.

அந்தப் பெண் அதற்குப் பிறகு பாண்டிச்சேரிக்குக் கூட்டத்துக்கு வரவில்லை. கூப்பிடவும் இல்லை. மையத்தில் ஆளுக்கு இருபது ரூபாய் வாங்க ஆரம்பித்தாள். போர்டில் இலவசம் என்ற சொல்மேல் ஒரு மளிகைக்கடை காலண்டரை மாட்டிவிட்டாள். சூலை வந்தால் எடுத்துவிடுவேன் என்று போனில் சொன்னாள். வருடத்தில் ஒரு நாள்தானே. அந்தக் காசில் முதல் வேலையாகத் தகரத்தை மாற்றினாள். இருபது ரூபாய் கொடுத்தவர்கள் கூரை ஒழுகுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லையாம். ஆளுக்கு ஒரு கை பிடித்தார்களாம்.

மாசியில் ஒரு நாள் போன் செய்தாள். "அக்கா, மாசி மகத்துக்கு மறுநாள் கஞ்சி கொஞ்சம் கூட வை."

"எத்தனை பேருக்கு?"

"தெரியல. வர்றவங்க வருவாங்க."

டாக்டரிடம் நான் சொன்னேன். மலையிலிருந்து கொஞ்சம் பேர் வருகிறார்கள் என்றேன். சரி என்றார். செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசி மகத்தன்று எங்கள் குப்பத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்கு ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். பின்னால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மலைக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். அரசு பஸ்ஸில் மாறி மாறி வந்தவர்கள், அவரவர் டிக்கெட். திருவிழாவுக்கு ஸ்பெஷல் பஸ் விட்டிருந்தார்கள். பொருளாளர் விடவில்லை, அரசாங்கம் விட்டது.

இங்கே ஏன் முதலில் கூட்டி வந்தாய் என்று கேட்டேன். ஆபரேசன் ஆனால் ஒரு மாசம் தலைக்கு ஊற்ற முடியாதே, அதனால் முன்னாலேயே கடலில் முழுகிவிடுவதாக அவர்களே பேசி முடிவு செய்தார்கள் என்றாள். மகத்துக்கு முழுகினால் புண்ணியம். மறுநாள் கண். ஒரே பஸ் காசு.

களையில் பார்த்த கிழவியும் வந்திருந்தாள். மருமகள் இடுப்பைப் பிடித்திருந்தாள். அலை வந்து இரண்டு பேர் காலையும் நனைத்தது. "பெரிசா இருக்குமா?" என்று கிழவி என்னைக் கேட்டாள்.

"என்னா ஆயா?"

"கடலு."

"ரெண்டு நாள் பொறு. நீயே பாரு," என்றேன். மருமகள் அவள் தலையில் கைநிறையத் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். கிழவி அவளைத் திட்டினாள்.

அங்கிருந்து தலைவர் வீடு நடந்து போகிற தூரம்தான். மேளச் சத்தம் கேட்காமல் இருக்க அன்றைக்கு ஜன்னலை எல்லாம் சாத்தி வைத்திருப்பார்கள். வருடா வருடம் அப்படித்தான்.

மறுநாள் உழவர்கரை ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை. பாய் விரித்தோம். டாக்டர் வந்து பார்த்தார். செல்போனை மேல் சட்டைப் பையில் போட்டார். அதை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். யார் ஏற்பாடு என்றார். யாரும் இல்லை என்றேன். ஒரு நாளில் முடியாது, இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

தலைவர் மூன்றாம் நாள் ஏதோ கையெழுத்துப் போட வந்தார். வார்டு முழுக்கக் கண் கட்டிய ஆட்கள். சிலர் கட்டுப் பிரித்து ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் படிவரை கேட்டது. அதனால் இடது பக்கம் எட்டிப் பார்த்தார்.

"யாரு இவங்க?"

"மலைக்காரங்க முசியே."

"ஓ. சூலையில வந்தவங்களா. ரிவியூவா?" என்றார். நல்ல வேளையாகப் பதிலுக்கு நிற்கவில்லை. வலது பக்கம் போய்விட்டார்.

கிழவி ஜன்னலில் இருந்தாள். அந்தத் தொப்பிக்காரர் யார் என்று கேட்டாள். இந்த ஆஸ்பத்திரிக்குத் தலைவர் என்றேன். "பாவம்," என்றாள். "அவருக்கும் கண்ணு சரியில்ல போலருக்கு. அந்தக் கண்ணாடிப் பொண்ண வந்து பாக்கச் சொல்லு. இருவது ரூபாதான்."

மையம் இன்னும் திறந்திருக்கிறது. இந்தச் சூலையிலும் வேன் வரும், பஸ் நிறையும். டிரஸ்டிடம் மாசிக்குப் போட்டோ கிடையாது, அறிக்கை கிடையாது. முகம் கழுவிவிட்டது நான். கழுவும்போதே எண்ணினேன்.

நாற்பத்தொன்று.